நாள்பட்ட நோயுள்ள மட்டக் குதிரையும் இன்ஷூரன்ஸும்

நிலம் செத்துப்போவதில்லை, தோப்பில் ஒரு தென்னை பட்டுப்போனால் மற்றவை நிற்கும். ஆனால் ஒற்றை மட்டக் குதிரையை நம்பி வண்டி வைத்திருக்கும் குடியானவனுக்கு, அது படுத்தால் வண்டியும் உடன் படுத்துவிடும். ஆகையால் குதிரையை இன்ஷூர் செய்வது விவேகமான காரியம் என்பதில் ஐயமில்லை. அக்குதிரைக்குத் தீராத வியாதி ஒன்று கண்டபின் இன்ஷூரன்ஸைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்பதே பலரையும் மயங்கவைக்கும் கேள்வியாகும். அதனைப் படிப்படியாக ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கம்.

முன்னாளில் தென் ஜில்லாக்களின் ரயில் நிலைய வாசல்களில் குதிரை வண்டிகள் வரிசையாக நின்றன. மோட்டார் வாகனங்கள் பெருகியபின் அவை அருகிவிட்டன. 2012-ஆம் வருஷக் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் சுமார் 6 லட்சத்து 25 ஆயிரமாக இருந்த குதிரைகளும் மட்டக் குதிரைகளும், 2019-ஆம் வருஷக் கணக்கெடுப்பில் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரமாகக் குறைந்தன. எண்ணிக்கை குறையவே, நல்ல குதிரை கிடைப்பதும், லாடம் அடிக்கத் தெரிந்தவர் கிடைப்பதும் அரிதாகிவிட்டன. ஒன்றை இழந்தவர் வேறொன்றை எளிதில் வாங்கிவிட இயலாது. ஈட்டுத்தொகையைப் பற்றிய யோசனை முன்னைக்காட்டிலும் இப்போது அதிக அவசியமாவதற்கு இதுவே காரணம்.

கேள்வி எழும் விதம்

இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே, மலையடிவாரத்தில் நாலு ஏக்கர் தோப்பு உள்ள ஒரு குடியானவரை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். ஆடி மாதத்து அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் 40,000 ரூபாய் கொடுத்து ஒரு மட்டக் குதிரை வாங்கினார். தேங்காயும் மாங்காயும் அதன் வண்டியிலேயே பேட்டைக்குப் போயின. குதிரைக்கு இப்போது பதினொரு வயது. சென்ற வருஷம் முன்னங்கால் குளம்புகளில் அழற்சி கண்டு ஒரு மாதம் நின்றுவிட்டது. குணமானது போலிருந்து, இவ்வருஷம் மறுபடியும் அதே நோவு வந்திருக்கிறது. இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கவேண்டிய தேதிக்கு மூன்று வாரமே இருக்கிறது.

வீட்டில் மூன்று விதமான அபிப்பிராயங்கள் எழுகின்றன. நொண்டிக் குதிரைக்கு எதற்குக் கட்டணம், அந்தப் பணத்தை மருந்துக்கும் லாடத்துக்கும் செலவிடலாம் என்கிறார் மனைவி. ‘அத்தான், நோவைச் சொன்னால்தானே வம்பு? சொல்லாமல் பழையபடியே 40,000-க்குப் புதுப்பித்துவிடுங்கள்’ என்கிறார் மைத்துனர். இத்தனை வருஷம் கட்டியதை விட்டுவிட்டால் கட்டியதெல்லாம் வீணாகுமே என்கிறார் தகப்பனார். மூன்றிலும் சிறிது நியாயம் இருப்பதுபோல் தோன்றும். எது எவ்வளவு நியாயம் என்பதைக் கீழே காணலாம்.

இன்ஷூரன்ஸ் எதற்கு ஈடு தருகிறது?

கால்நடை இன்ஷூரன்ஸ் பொதுவாகப் பிராணி இறந்தால் மட்டுமே பணம் தருவது. நோயினாலோ, விபத்தினாலோ, இடி, வெள்ளம், தீ முதலிய உற்பாதங்களினாலோ, சிகிச்சைக்காகச் செய்யும் அறுவையினாலோ மரணம் நேரின் ஈடு உண்டு. வைத்தியச் செலவு, மருந்து விலை, லாடக் கூலி, வேலையின்றி நின்ற நாட்களின் நஷ்டம் ஆகிய எதற்கும் சாதாரணப் பாலிசியில் இடமில்லை. பிராணி உயிரோடிருந்தும் தான் செய்துவந்த வேலைக்கு அடியோடு லாயக்கற்றுப்போனால் ஈடு பெறுவதற்கு, நிரந்தர முழு ஊனத்துக்கான தனிக் காப்பு ஒன்றை அதிகக் கட்டணம் செலுத்திச் சேர்த்துக்கொள்ளவேண்டும். அதைச் சேர்த்திருக்கிறார்களா என்பதைப் பாலிசியைப் பிரித்துப் பார்த்துத்தான் அறியலாம்.

சில மரணங்கள் விலக்கப்பட்டுள்ளன. வேண்டுமென்று செய்த காயம், கவனக்குறைவு, அளவுக்கு மிஞ்சிய பாரம், தேர்ச்சியற்றவரின் சிகிச்சை, பாலிசியில் கண்ட வேலையன்றி வேறு வேலைக்கு உபயோகித்தல், களவு, இரகசிய விற்பனை ஆகியவை அவற்றுட் சில. காப்புத் தொடங்குமுன்னரே கண்ட நோயும், தொடங்கிய முதல் 15 நாட்களுக்குள் காணும் நோயும் அவ்வாறே விலக்கப்படும். குணப்படுத்தவியலாத வேதனையிலிருந்து விடுவிப்பதற்காக, தகுதிபெற்ற கால்நடை வைத்தியரின் சான்றின்பேரில் பிராணியைக் கொல்ல நேர்ந்தால், அது வேண்டுமென்று கொன்றதாகக் கருதப்படமாட்டாது.

நோய் உயிரை வாங்குமா, உழைப்பை வாங்குமா?

நாள்பட்ட நோய் கண்டவுடன் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுவே. இன்ஷூரன்ஸ் உயிருக்கு ஈடு தருகிறது. பெரும்பாலான நாள்பட்ட நோய்களோ உழைப்பைத்தான் வாங்குகின்றன.

குளம்பு அழற்சியை எடுத்துக்கொள்ளலாம். குளம்பின் சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைத்துநிற்கும் மெல்லிய மடிப்புகளில் அழற்சி உண்டாவதே இந்நோய். கொள்ளு, தானியம் முதலியவற்றை மிதமிஞ்சிக் கொடுப்பதாலும், உடல் பருத்துவிடுவதாலும், கெட்டியான தார்ச் சாலையில் ஓயாது ஓட்டுவதாலும் இது நேரும். குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னங்கால்களில் தாங்கி நிற்கும், திரும்பும்போது தயங்கும், குளம்பு சுடும். பிணைப்புத் தளர்ந்தால் உள்ளெலும்பு திரும்பிக் கீழிறங்கும். ஒருமுறை வந்தது மறுமுறை வருவது சகஜம். இந்நோய் தானாக உயிரைப் போக்குவது அரிது. ஆயினும் எலும்பு இறங்கிவிட்டால், வேதனை பொறுக்கமாட்டாத குதிரையை வைத்தியர் யோசனைப்படி முடித்துவிட நேரலாம்.

தூசியும் பூஞ்சையும் படிந்த வைக்கோலால் வரும் நாள்பட்ட இரைப்பு நோயும் இவ்வகையினதே. தீவனத்தை நனைத்துக் கொடுத்து, காற்றோட்டமான இடத்தில் கட்டினால் குதிரை பல வருஷம் உயிரோடிருக்கும். பாரமான வண்டியை மட்டும் இழுக்கமாட்டாது.

சர்ரா எனும் காய்ச்சல் வேறு வகை. மழைக்குப்பின் பெருகும் கடிக்கும் ஈக்களால் பரவும் இந்நோயின் கிருமியைக் கிரிபித் ஈவன்ஸ் என்ற கால்நடை வைத்தியர் 1880-ஆம் வருஷத்தில் கண்டறிந்தார். விட்டுவிட்டுக் காய்ச்சல், இரத்தச் சோகை, கால்களிலும் அடிவயிற்றிலும் வீக்கம், மெலிவு ஆகியவை குறிகள். சிகிச்சை செய்யாவிடில் குதிரையைக் கொல்லும், சிகிச்சைக்குப்பின்னும் திரும்பலாம். மூக்கிலும் தோலிலும் புண் காணும் கிளாண்டர்ஸ் நோயோ மனிதரையும் பற்றுவது. 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி அதனை உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டும். அங்கே இன்ஷூரன்ஸ் யோசனைக்கு இடமே இல்லை.

ஆகவே, நோயின் பெயரை நிச்சயமாகத் தெரிந்துகொள்ளாமல் பாலிசியைப் பற்றி முடிவுசெய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவதற்கு ஒப்பாகும். கால்நடை மருந்தகத்து வைத்தியரிடம், இது இன்ன நோய், இன்ன தேதியில் கண்டது, இன்ன நிலையில் இருக்கிறது என்று எழுத்துமூலம் பெறுதல் முதற்காரியம்.

புதுப்பிக்கும்போது நேரும் சங்கடம்

ஒரு வருஷப் பாலிசி அவ்வருஷத்தோடு முடிவது. புதுப்பித்தல் என்று வழங்கினாலும், கம்பெனி அதனைப் புதிய ஒப்பந்தமாகவே கருத இடமுண்டு. அப்போது சென்ற வருஷம் கண்ட குளம்பு நோய், காப்புத் தொடங்குமுன் இருந்த நோய் என்ற விலக்குக்குள் வந்துவிடலாம். ஒருநாள்கூட இடைவெளியின்றிப் புதுப்பித்தவருக்கு வாதாட ஓரளவு இடமுண்டு. பாலிசி காலாவதியாகி, சில மாதம் கழித்து மறுபடியும் எடுத்தவருக்கு அந்த இடமும் இல்லை. எனவே தேதி தவறாமை இதில் பெரிதும் முக்கியம்.

இக்காரணத்தாலேயே, குதிரை நல்ல தேகஸ்திதியில் இருக்கும்போதே மூன்று வருஷப் பாலிசி எடுப்பது உசிதம். முதல் வருஷத்தில் கண்ட நோய் மூன்றாம் வருஷத்தில் உயிரைக் கொண்டுபோனாலும் அது ஒரே ஒப்பந்தத்துக்குள் அடங்கிவிடும். தேசியக் கால்நடை இயக்கத்தின் 2014-ஆம் வருஷ விதிகளில், சாதாரணப் பிரதேசங்களுக்கு ஒரு வருஷக் கட்டணத்தின் உச்சவரம்பு நூற்றுக்கு 3 என்றும், மூன்று வருஷத்துக்கு நூற்றுக்கு 7.5 என்றும் கண்டிருந்தது. 40,000 ரூபாய்க்கு வருஷாவருஷம் கட்டினால் மூன்று வருஷத்தில் 3,600 ரூபாய். ஒரேமுறையில் கட்டினால் 3,000 ரூபாய். லாபம் 600 ரூபாய் மட்டுமன்று. இடையில் வரும் நோய்க்கும் காப்பு அறாது என்பதே பெரிய லாபம்.

கணக்கு

மேற்சொன்ன இயக்கத்தில் கறவை மாடுகள் மட்டுமின்றி, பாரம் சுமக்கும் குதிரை, மட்டக் குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகியவையும் சேர்க்கப்பட்டுள்ளன. 2024-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் மத்திய மந்திரி சபை செய்த திருத்தத்தின்படி, கட்டணத்தில் உடைமையாளர் செலுத்தவேண்டியது நூற்றுக்கு 15 பாகம். மிகுதியை மத்திய, மாநில அரசுகள் 60-க்கு 40 என்ற வீதத்தில் ஏற்கும். ஆயினும் அவ்வாண்டின் நிதி ஒதுக்கீட்டில் தம் ஊருக்கு இடமுண்டா, அப்போதைய வீதம் யாது என்பதை உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் விசாரித்தறிதல் வேண்டும்.

உதாரணக் குடியானவரின் குதிரை இப்போது 40,000 ரூபாய் பெறாது. நோயுள்ள நிலையில் வைத்தியர் 15,000 ரூபாய் மதிப்பிடுகிறார் என்று கொள்ளலாம். நூற்றுக்கு 3 வீதம் கட்டணம் 450 ரூபாய். உதவித்தொகை கிடைத்தால் அவர் கையிலிருந்து கொடுப்பது 67 ரூபாய் 50 காசு.

குளம்பு நோயைக் கம்பெனி விலக்கிவிடுகிறது என்றே வைத்துக்கொள்ளலாம். அப்போதும் பாம்புக்கடி, லாரி மோதல், அறுந்துகிடக்கும் மின்கம்பி, இடி, குதிரைகளைச் சடுதியில் கொல்லும் வயிற்றுவலி ஆகியவற்றுக்குக் காப்பு உண்டு. 450 ரூபாய் முழுவதும் தாமே கட்டுவதானால், இத்தகைய நூறு குதிரைகளில் வருஷத்துக்கு மூன்றாவது விலக்கில்லாத காரணங்களால் இறந்தால்தான் கட்டணமும் ஈடும் சரிக்குச் சரியாகும். 67 ரூபாய் 50 காசு கட்டுவதானால், 220 குதிரைகளுக்கு ஒன்று இறந்தாலே போதும். எனவே உதவித்தொகை உள்ளவரை, நோய் விலக்கப்பட்ட பாலிசிகூட மலிவே. உதவித்தொகை இல்லாமல், முக்கிய நோயும் விலக்கப்பட்டு, விலையும் இறங்கிவிட்ட கிழக் குதிரைக்கு முழுக்கட்டணம் செலுத்துவதைவிட, அப்பணத்தைத் தபாலாபீஸ் சேமிப்பில் போட்டுவருவது மேலாகலாம்.

தகப்பனாரின் வாதத்துக்கு விடையும் இதில் இருக்கிறது. கட்டிய பணம் சென்ற வருஷங்களின் காப்புக்காகச் செலவானது. அது உண்டியலில் சேர்ந்த பணமன்று. இதுவரை எவ்வளவு கட்டினோம் என்பது முடிவுக்கு உதவாது. இனிக் கட்டப்போவதற்கு எது கிடைக்கும் என்பதே கணக்கு.

குதிரையை ஈடாக வைத்துப் பாங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கடன் வாங்கியிருப்பின், கடன் தீருமட்டும் இன்ஷூரன்ஸைத் தொடரவேண்டுமென்ற ஷரத்து கடன் பத்திரத்தில் இருக்கலாம். அதனைப் பாராமல் பாலிசியை நிறுத்துதல் கூடாது.

நோயை மறைப்பதன் கேடு

மைத்துனர் சொன்ன யோசனையே மிகவும் அபாயகரமானது. இன்ஷூரன்ஸ் ஒப்பந்தம் முழு நம்பிக்கையை அஸ்திவாரமாகக் கொண்டது. கேட்ட விஷயத்தை மறைத்தவருக்குக் கம்பெனி ஈடு மறுக்கலாம். மருந்தகப் பதிவில் சிகிச்சைத் தேதி இருக்கிறது. பிரேதப் பரிசோதனையில் குளம்பே சாட்சி சொல்லும். குளம்பு நோய்க்குச் சம்பந்தமில்லாத பாம்புக்கடியால் குதிரை இறந்தாலும், மறைத்த குற்றத்தைக் காட்டிக் கம்பெனி வழக்காட இடமுண்டாகும். குதிரை கீழே தள்ளியதுமன்றிக் குழியும் பறித்ததாம் என்பது இத்தகையோர் கதையே. அன்றியும், 15,000 பெறும் குதிரைக்கு 40,000 என்று எழுதுவதால் கட்டணம் ஏறுமேயன்றி, மார்க்கெட் விலைக்கு மேல் ஈடு கிடைப்பது துர்லபம்.

நோயைத் தெரிவித்தால் மூன்றில் ஒன்று நேரும்: கம்பெனி முழுக் காப்புத் தரலாம், அந்நோயை மட்டும் விலக்கித் தரலாம், மறுக்கலாம். எதுவாயினும் எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். வாய்ச்சொல் ஈட்டுக் காலத்தில் உதவாது.

அடையாளமும் கிராம அதிகாரிகளின் கடமையும்

ஈடு மறுக்கப்படுவதற்குப் பெருங்காரணம் அடையாளம் பொருந்தாமையே. காதுத் தோடு விழுந்துவிட்டால் உடனே தெரிவித்து வேறு தோடு போட்டுக்கொள்ளவேண்டும். குதிரைக்கு நிறம், நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழி ஆகியவற்றையும் பாலிசியில் விவரமாக எழுதச் செய்தல் நலம். நம்மவர் சுழியைப் பார்த்துக் குதிரையின் ராசி சொல்வது பழைய வழக்கம். ராசி எவ்வாறாயினும், சுழி குதிரைக்குக் குதிரை மாறுபடுவதால் அடையாளத்துக்கு மிகவும் உபயோகமானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிராமங்களில் பசுச் சங்கங்கள் என்ற பரஸ்பர உதவிச் சங்கங்கள் இருந்தன. சிறு குடியானவர்கள் பணம் கூட்டி, பசு இறந்தவருக்கு ஈடு கொடுத்தனர். அண்டை வீட்டாரே பங்காளிகளானதால் நோயுள்ள மாட்டை நல்ல மாடென்று சேர்ப்பது எளிதாயில்லை. நம் ஊர்களில் அந்தப் பார்வை கிராம அதிகாரிகளையும் பஞ்சாயத்தாரையும் சார்ந்தது. தாங்கள் நேரிற் காணாத மரணத்துக்கோ, பாராத குதிரையின் சுகத்துக்கோ அவர்கள் கையொப்பமிடலாகாது. இரக்கத்தால் இடும் ஒரு பொய்க் கையொப்பம், மறுவருஷம் அவ்வூரின் உண்மையான ஈடுகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

குதிரை இறந்தால் உடனே கம்பெனிக்கும் கால்நடை வைத்தியருக்கும் தெரிவிக்கவேண்டும். வைத்தியர் பாராமுன் புதைத்தல் கூடாது. தோட்டோடு கூடிய படம் எடுத்து வைத்தல் நலம். ஈடு மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனிக்கு எழுதி, ஒரு மாதத்துக்குள் தக்க பதில் வராவிடில் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு முறையிடலாம். மறுப்புக் கிடைத்த ஒரு வருஷத்துக்குள் இதனைச் செய்யவேண்டும்.

பராமரிப்பே முதற்காப்பு

மனைவியின் வாதத்தில் உள்ள உண்மை இது: எந்தப் பாலிசியும் குளம்பை ஆற்றாது. நோவு கண்ட குதிரையை வண்டியிலிருந்து அவிழ்த்து, மணல் பரப்பிய மெத்தென்ற தரையில் கட்டவேண்டும். கொள்ளும் தானியமும் நிறுத்தி, உலர்ந்த புல்லை அளவாகக் கொடுக்கவேண்டும். தேர்ந்த லாடக்காரரைக்கொண்டு வைத்தியர் யோசனைப்படி குளம்பைச் சீவித் திருத்தவேண்டும். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை வைத்திய வாகனம் கிடைக்கும். நோயுற்று லாயக்கற்ற பிராணியை வேலை வாங்குவது 1960-ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஈட்டுக் காலத்தில் கவனக்குறைவு என்ற விலக்குக்கும் அதுவே வழிசெய்யும். ஆனால் மருந்தும் லாடமும் பாம்புக்கடிக்கும் இடிக்கும் காப்பாகமாட்டா. ஆகவே 67 ரூபாய் 50 காசில் மிச்சம் பிடிப்பது சிக்கனமன்று.

மாடுகளுக்கும் இந்நியாயமே பொருந்தும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பால் ஊற்றும் குடியானவரின் பசு ஓயாத மடிநோயால் பாலிழந்தால், உயிர் இருக்கிறது, உழைப்புப் போயிற்று. அங்கும் மரணப் பாலிசி எவ்வளவு உதவும் என்பதை இவ்வாறே நிறுத்துப் பார்க்கவேண்டும்.

முடிவு

1. நோயின் பெயரையும் தேதியையும் வைத்தியரிடம் எழுத்தில் பெறுக.
2. பாலிசி மரணத்துக்கு மட்டுமா, ஊனத்துக்கும் உண்டா என்று பார்க்க.
3. கடன் ஷரத்து உண்டா என்று அறிக.
4. நோயைத் தெரிவித்து, அது விலக்கப்படுமா என்பதைக் காலாவதித் தேதிக்கு முன்பே எழுத்தில் கேட்க.
5. இன்றைய உண்மை விலைக்கே இன்ஷூர் செய்க.
6. உதவித்தொகை கிடைத்தால், நோய் விலக்கப்பட்டாலும் தொடர்க. கிடைக்காவிடில், நோயும் விலக்கப்பட்டு விலையும் தாழ்ந்திருப்பின், கடன் ஷரத்து தடுக்காதபோது நிறுத்திச் சேமிக்க.
7. அடுத்த குதிரை வாங்கும்போது, சுகமாயிருக்கும் நாளிலேயே மூன்று வருஷத்துக்கு இன்ஷூர் செய்க.

உதாரணக் குடியானவர் செய்யத்தக்கது இனித் தெளிவு. நோயை மறையாமல் எழுதி, 15,000 ரூபாய்க்கு, தேதி தவறாமல், உதவித்தொகையோடு புதுப்பிக்கவேண்டும். வண்டியை வாடகை மாட்டிலோ மோட்டாரிலோ ஓட்டி, குதிரையை நிழலில் நிறுத்தவேண்டும். அது தேறினால் இலேசான வேலைக்கு உதவும். தேறாவிடில், இத்தனை வருஷம் குடும்பத்துக்கு உழைத்த பிராணி வேதனையின்றி முடியும்படி பார்ப்பது உடைமையாளரின் கடமை. கம்பெனி தரும் தொகை, வந்தாலும் வராவிட்டாலும், அக்கடமைக்கு ஈடாகாது என்பதை விவசாயிகள் மனத்திற் கொள்வார்களாக.